சிடி4 ஏறியபோது வீங்கிய கழுத்து: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வயது 44. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மனைவியோடு வந்தார். எழுதுவதற்கு இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சிலவற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இவரைப் பற்றி எழுதக் காரணம் ஒன்றுதான். எச்.ஐ.வி. குறிவைக்கும் ரத்த வெள்ளணு வகையான சிடி4 செல்களின் எண்ணிக்கை 38 ஆக இருந்தபோது சத்தமில்லாமல் மெலிந்துகொண்டிருந்தவர், அது 121 ஆனபோது 103 டிகிரி காய்ச்சலும் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டியுமாக வந்து நின்றார். எண் கூடியது, நோயும் கூடியது. ‘எச்.ஐ.வி. எதிர்ப்பு சக்தியைத் தின்றுவிடும்’ என்று நோட்டீஸில் அச்சடிக்கிறோமே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

வந்தபோது

ஐந்து மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல். 61 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு வந்திருந்தார். இருமல் உண்டு, பெரிதாக இல்லை. வயிற்றுப்போக்கு வரும், ஒரு வாரத்தில் நிற்கும், மறுபடி வரும். கடைசி ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை, கஞ்சித் தண்ணீர்தான்.

“வாயில புண்ணு, சாரே. பி காம்ப்ளக்ஸ் எத்தன குப்பி குடிச்சாச்சு” என்றார் மனைவி.

நாக்கைத் தட்டைக் குச்சியால் லேசாகச் சுரண்டினேன். தயிர்த் திட்டு மாதிரி வெள்ளைப் படிவம் பெயர்ந்து வந்தது. அடியில் சிவந்த சதை. கேண்டிடா பூஞ்சை. சோறு இறங்காததைப் பார்த்தால் உணவுக்குழாயிலும் அது இறங்கியிருக்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத, ஸ்டீராய்டு எடுக்காத 44 வயது ஆளின் தொண்டையில் இந்தப் பூஞ்சை வளர்வதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை.

இந்த ஐந்து மாதமும் அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறார். மழைக்காலக் காய்ச்சல் என்றால் நம் மாவட்டத்தில் முதலில் டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். நினைப்பது தப்பில்லை. பால் வெட்டாமல் விட்ட மரங்களில் சிரட்டை நிறைய மழைத்தண்ணீர் நின்றால் அதைவிடக் கொசுவுக்கு நல்ல இடம் கிடையாது. வெறுங்காலோடு சேற்றில் நடப்பவருக்கு எலிக்காய்ச்சலும் வரக்கூடியதுதான். இரண்டு சோதனையும் இல்லை என்று வந்தது. அப்புறம் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், நான்கு முறை. ஐந்து மாதத்தில் ஒருவரும் எச்.ஐ.வி. சோதனை எழுதவில்லை.

எழுதுவதற்கான துப்பு அந்த அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் கவரிலேயே இருந்தது. மூன்று மாதம் முந்தைய ரத்த அறிக்கை. மொத்தப் புரதம் 9.0, அல்புமின் 2.8. கழித்துப் பார்த்தால் குளோபுலின் 6.2, வழக்கமாக 3.5 தாண்டாது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் ஏகத்துக்கும் பெருகிக் கிடக்கின்றன என்று அர்த்தம். மெலிந்துகொண்டே போகிற, அடிக்கடி தொற்று வருகிற மனிதனுக்கு எதிர்ப்பொருள் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? இதைத்தான் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறிகூட இருந்தது. பார்த்தவர் கண்ணில் படவில்லை.

இன்னொரு துப்பு விலாவில். சட்டையைக் கழற்றச் சொன்னபோது இடது பக்கம் முதுகிலிருந்து நெஞ்சு வரை பட்டையாக ஒரு தழும்பு. இரண்டு வருடத்துக்கு முன் வந்த அக்கி. பானை செய்கிறவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டாராம். பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிட்டது. எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, காவல் தளரும்போது எழும்புவதுதான் அக்கி. ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவருக்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனையும் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். நானே பல வருடம் அதைச் செய்யாதவன்தான்.

முடிவுகள்

எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் அவரிடம் தனியாகப் பேசி, சம்மதம் வாங்கி, சோதனை செய்தார். வெவ்வேறு வகை கிட்டுகள் மூன்றிலும் பாசிட்டிவ். சிடி4, ஒரு கன மில்லிமீட்டருக்கு 38. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கு 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம்.

நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தம். நுரையீரல் வேர்ப் பகுதியில் நிணநீர் முடிச்சுகள் கொஞ்சம் பெருத்திருந்தன, குழி எதுவும் இல்லை. சளியை நுண்ணோக்கியில் பார்த்ததில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. அதே சளி, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் பாசிட்டிவ்: கிருமி உண்டு, மிகக் குறைந்த அளவு, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. காசநோய்க் கிருமியை உடம்பு அடையாளம் கண்டு வீங்குகிறதா என்று பார்க்கக் கையில் போட்ட மான்டூ ஊசி, மூன்றாம் நாள் பார்த்தபோது குத்தின இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. பூஜ்ஜியம் மில்லிமீட்டர். மூளையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் தடயம் (ஆன்டிஜன்) ரத்தத்தில் இல்லை. அது இருந்திருந்தால் சிகிச்சையின் வரிசையே மாறியிருக்கும்.

எப்படி வந்தது என்று ஊர் கேட்கும். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை. மனைவிக்குச் சோதனை செய்ததில் இல்லை என்று வந்தது. அவரால் அதை நம்ப முடியவில்லை. “எனக்கு இல்லேன்னா, அப்போ அவருக்கு வந்த ரிசல்ட்டும் தப்பா இருக்குமா சாரே?” என்று இரண்டு தடவை கேட்டார். தப்பில்லை. ஆணிடமிருந்து பெண்ணுக்கு உடலுறவில் தொற்றுவது சராசரியாக 10,000 முறைக்கு 8 என்ற கணக்கு. தொற்றின முதல் வாரங்களிலும் நோய் முற்றிய கட்டத்திலும் அது கூடும். வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தும் ஒருவருக்கு மட்டும் இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னோம், அதுவரை ஆணுறை. அம்மாவுக்கு இல்லாததால் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அதைச் சொன்னபோதுதான் அந்த அம்மா அழுதார், அதுவரை அழவில்லை.

வைரஸ் பாதி, உடம்பு பாதி

எச்.ஐ.வி. தன் மேல் தோலில் இருக்கும் ஜிபி120 என்ற புரதத்தால் சிடி4 என்ற கொக்கி உள்ள செல்லைப் பிடிக்கிறது. பிடித்தால் மட்டும் போதாது, சிசிஆர்5 போன்ற இரண்டாவது கொக்கியும் வேண்டும். உள்ளே போனதும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, அதை நம் மரபணுவுக்குள் செருகிவிடுகிறது. அப்புறம் அந்தச் செல் விழிக்கும்போதெல்லாம் வைரஸும் அச்சாகும். இந்தக் கொக்கிகள் இருக்கும் டி செல்கள்தான் எதிர்ப்பு மண்டலத்தின் மேஸ்திரிகள். கொல்லும் செல்லுக்கும், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்லுக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜுக்கும் வேலை சொல்வது இவைதான்.

இது எல்லோரும் படிப்பது. இதில் ஒரு முடிச்சு உண்டு. எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் ரத்தத்தில் உள்ள சிடி4 செல்களில் வைரஸ் புகுந்தவை சிறு பங்குதான். அப்படியானால் மீதிச் செல்கள் எங்கே போகின்றன?

முதல் அடி விழுவது ரத்தத்தில் இல்லை, குடலில். உடம்பின் டி செல்களில் பெரும் பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. அவற்றில் சிசிஆர்5 உள்ளவை அதிகம். தொற்றின முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே அங்கே பெரிய அழிவு நடந்துவிடுகிறது. ஆளுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்து போயிருக்கும், அவ்வளவுதான். காவல் போன குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு இதைப் படையெடுப்பாக எடுத்துக்கொண்டு எல்லாச் செல்களையும் எழுப்புகிறது. எழுந்த டி செல் பெருகும், பெருகுகிற செல்லில்தான் எச்.ஐ.வி. நன்றாக அச்சாகும். எச்சரிக்கை மணி அடிக்க அடிக்க வைரஸுக்குத் தீனி.

நம் நோயாளியின் குளோபுலின் 6.2 இதன் தடயம். மேஸ்திரி இல்லாத கூச்சலில் பி செல்கள் எதற்கென்று தெரியாமல் எதிர்ப்பொருளைக் கொட்டுகின்றன. அதில் எச்.ஐ.வி.க்கு எதிரானதும் உண்டு; கிட்டில் கோடு விழ வைப்பது அதுதான். வைரஸை நிறுத்த அதனால் முடியவில்லை. சிகிச்சை இல்லாத உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புது வைரஸ்கள் பிறக்கின்றன. திருப்பி எழுதும் என்சைமுக்குப் பிழை திருத்தத் தெரியாது, மூன்று பிரதிக்கு ஒரு பிழை என்ற கணக்கில் எழுதித் தள்ளுகிறது. எதிர்ப்பொருள் ஒரு முகத்தைப் பழகுவதற்குள் வைரஸ் வேறு முகத்தில் இருக்கும்.

சாகும் செல்களைப் பற்றி இன்னொரு விஷயம். சான்பிரான்சிஸ்கோவில் வார்னர் கிரீன் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், நிணநீர்த் திசுவில் செத்த சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கு மேல் வைரஸை வளர்த்துச் சாகவில்லை என்று காட்டினார்கள். அவை உறங்கும் செல்கள். வைரஸ் நுழைந்து வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறது. அந்த அரைகுறை டி.என்.ஏ.வைக் கண்ட செல் அபாயம் என்று தன்னையே வெடிக்க வைத்துக்கொள்கிறது. வெடிக்கும்போது அழற்சிப் பொருளைக் கக்குகிறது, அது பக்கத்துச் செல்களை இழுக்கிறது, அவையும் வந்து சாகின்றன. கொலை என்பதைவிடத் தற்கொலை என்பதே பொருத்தம்.

குரங்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்கின் உடம்பில் இதே குடும்பத்து வைரஸ் ஏராளமாக ஓடும், ஆனால் எய்ட்ஸ் வருவது அபூர்வம். அதே வைரஸை நம் வட இந்திய ரீசஸ் குரங்குக்குக் கொடுத்தால் எய்ட்ஸ் வந்து செத்துப்போகும். முக்கிய வித்தியாசம் வைரஸின் அளவில் இல்லை. மங்கபே முதல் சில வாரம் சண்டை போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது, ரீசஸ் அடங்குவதில்லை. மனிதனும் ரீசஸ் கட்சி.

நோயாளிக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே வழி காட்டினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்ட வேண்டிய ரப்பர் மரத்தை, விலை ஏறியிருக்கிறது என்று தினமும் வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பட்ட மரத்துப் போவும் சாரே. பெறவு எவ்வளவு வெட்டினாலும் சொட்டுப் பால் வராது.” அவருடைய எதிர்ப்பு மண்டலத்துக்கு நடந்ததும் அதுதான். வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஏன் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது

காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்கும். தனியாகக் கொல்லத் தெரியாது. சிடி4 செல் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சைகையைக் கொடுத்தால்தான் அதற்கு வெறி வரும். பிறகு எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு கோட்டை கட்டும். சண்டை உக்கிரமானால் கோட்டையின் நடு செத்து, தயிர்க்கட்டி போல ஆகி, உடைந்து குழியாகும். ஆக, எக்ஸ்ரேயில் நாம் காசநோய் என்று பார்க்கும் குழியைப் பெரும்பாலும் தோண்டியது உடம்புதான். அந்தக் குழி வழியாகத்தான் கிருமி கூட்டங்கூட்டமாகச் சளிக்கு வருகிறது.

சிடி4 38 இருப்பவரிடம் கோட்டை கட்ட ஆள் இல்லை. அதனால் குழி இல்லை, சளியில் கிருமி தெரியவில்லை, மான்டூ எழும்பவில்லை, கழுத்தில் நெறிகூடக் கட்டவில்லை. கிருமி மட்டும் சாவகாசமாக உடம்பெங்கும் பரவிக்கொண்டிருந்தது. “நெஞ்சு படம் நல்லா இருக்குன்னு சொன்னாவ” என்று அவர் மனைவி முதல் நாள் சொன்னது நினைவிருக்கிறது. நல்லாத்தான் இருந்தது.

சிகிச்சை, அப்புறம் பத்தொன்பதாம் நாள்

முதலில் காசநோய் மருந்து. கூடவே பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், நிமோனியா போன்றவை வராமல் தடுக்க தினம் ஒரு கோட்ரிமாக்சசோல். ஒரே வாரத்தில் சோறு இறங்கியது. இரண்டாம் வார முடிவில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. ரிஃபாம்பிசின் ஓடும்போது கல்லீரல் டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துத் தள்ளிவிடும் என்பதால், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய காலத்தில் இருந்த மருந்துகளோடு ஒப்பிட்டால் இது பால் பாயசம்.

ஏன் இரண்டு வாரம்? கம்போடியாவில் நடந்து 2011 இல் வெளியான கமேலியா ஆய்வில், சிடி4 மிகக் குறைந்த காசநோயாளிகளுக்கு எட்டு வாரம் காத்திருக்காமல் இரண்டு வாரத்தில் கூட்டு மருந்து தொடங்கியபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே, எதிர்ப்பு சக்தி மீளும்போது வரும் அழற்சி ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடியது. உயிர் முக்கியம், வீக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதிலிருந்து எடுத்த முடிவு. எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் அந்த வீக்கம் வரக்கூடும் என்று நான் இவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் அதிகம், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கூட்டு மருந்து தொடங்கிய பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் அடித்தது. இரண்டு நாளில் கழுத்தின் வலது பக்கம் வீக்கம். அவர்கள் உடனே வரவில்லை. இருபத்தைந்தாம் நாள் வந்தார்கள். அந்த அம்மா மாத்திரை டப்பாவை மேசையில் வைத்தார், கோபமாக இல்லை, கடையில் கெட்டுப்போன சாமானைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி.

“இது தொடங்கின பெறவுதான் சாரே எல்லாம். அதுக்கு முந்தி கழுத்துல ஒண்ணும் கெடையாது. நான்தான் நிறுத்தச் சொன்னேன். நாலு நாளாச்சு.”

எண்ணிப் பார்த்தேன். நான்கு நாள் மாத்திரை சரியாக மிச்சம். அதற்கு முன்னால் ஒன்றுகூடத் தவறவில்லை.

நான்கு சந்தேகம் வரும். காசநோய் மருந்துக்குக் கிருமி அடங்கவில்லையா, மருந்து ஒவ்வாமையா, புதிதாக வேறு தொற்றா, அல்லது திரும்பி வந்த எதிர்ப்பு சக்தியின் வேலையா. மற்ற மூன்றையும் ஒதுக்காமல் நான்காவதைச் சொல்லக்கூடாது. கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சினோம். மெத்தென்று பழுத்த இடத்தில் நேராகக் குத்தினால் ஆறாத புரை விழும். அதனால் மேல் பக்கத்து நல்ல தோல் வழியாகச் சாய்த்து நுழைத்தேன். இருபது மில்லி சீழ். வெளுத்த மஞ்சள், நாற்றம் இல்லை, சூடும் இல்லை. சிரிஞ்சைத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ரப்பர் ஷீட்டுக்கு ஆசிட் ஊத்தி வெச்ச பாலு மாதிரி இருக்கு.” அப்படியேதான் இருந்தது. பாதி உறைந்தும் உறையாமலும்.

அந்தச் சீழில் கோட்டை கட்டும் செல்கள் நெருக்கமாகத் தெரிந்தன. கிருமி தேடித்தான் கிடைத்தது. சிபிநாட்டில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு அப்போதும் இல்லை. வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியதில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. கிருமி பெரும்பாலும் செத்திருந்தது. சிடி4 121. நெறிமுறையில் இல்லாத ஒன்றையும் செய்தேன், பயிற்சி மருத்துவர்களுக்குக் காட்டுவதற்காக: மான்டூவை மறுபடி போட்டேன். 18 மில்லிமீட்டர், நடுவில் கொப்புளத்தோடு. அதே கை, அதே மருந்து, நாற்பது நாள் இடைவெளி.

கூட்டு மருந்து தொடங்கியதும் சிடி4 முதல் சில வாரத்தில் வேகமாக ஏறும். அவை புதிதாகப் பிறந்தவை அல்ல. அழற்சியில் நிணநீர் முடிச்சுகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்த பழைய ஞாபகச் செல்கள் விடுபட்டு வெளியே வருகின்றன. அவற்றுக்குக் காசநோய்க் கிருமியைத் தெரியும். வந்து பார்த்தால் உடம்பெங்கும் அதன் உடைசல் கிடக்கிறது, செத்ததும் சாகாததுமாக. செத்த துணுக்குக்கும் அவை அதே ஆவேசத்தோடுதான் பாயும். இத்தனை நாள் கட்டாத கோட்டையை ஒரே வாரத்தில் கட்டினால் கழுத்து வீங்காமல் என்ன செய்யும்?

அந்த அம்மாவிடம் சொன்னது சுருக்கம். “இது நோய் கூடினதால வந்த வீக்கம் இல்லக்கா. முன்ன சண்ட போட ஆளு இல்ல, அதான் சத்தம் இல்ல. இப்போ ஆளு வந்தாச்சு.” அவர் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நான் நிறுத்தினது?” தப்புதான், ஆனால் நான்கு நாளோடு போயிற்று. வைரஸின் பிரதி உறங்கும் ஞாபகச் செல்களின் மரபணுவுக்குள் பதுங்கியிருக்கும், மருந்து அதைத் தொடாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் ரத்தத்தில் மறுபடி தலைகாட்டிவிடும். அந்தப் பதுங்கு கிடங்கு பாதியாகக் கரையவே 44 மாதம் ஆகிறது என்று சிலிசியானோ குழு 2003 இல் கணக்கிட்டது; முழுதும் கரைய எழுபது வருடத்துக்கு மேல். ஆயுள் முழுக்க மாத்திரை என்று நாங்கள் சொல்வதன் கணக்கு அதுதான். அன்று மாலையே மறுபடி தொடங்கினார்.

காய்ச்சல் குறையாததால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், அவருக்கு ஒரு நாளைக்கு 70. இரண்டு வாரம் கழித்துப் பாதி, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்தம். ரிஃபாம்பிசின் இதையும் கரைக்கும் என்பதால்தான் இவ்வளவு அளவு. ஸ்டீராய்டுக்கு முன் ஐவர்மெக்டின் கொடுத்தேன். செருப்பில்லாமல் ரப்பர் காட்டில் நடக்கும் காலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு ஏறியிருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பு முழுக்கப் பெருகி ஆளைக் கொன்றுவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த ஆளுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுப்பது கேட்க விபரீதமாகத்தான் இருக்கும். கூடப் படித்த ஒருவரே போனில் “உனக்குப் பைத்தியமா?” என்றார். நான்காம் நாள் காய்ச்சல் நின்றது. சர்க்கரை 240 வரை ஏறி இறங்கியது. கட்டியில் இன்னும் இரண்டு தடவை உறிஞ்ச வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால்

தென்னாப்பிரிக்காவில் நடந்து 2018 இல் வெளியான ஒரு ஆய்வில், சிடி4 100க்கு மேல் போகாத காசநோயாளிகளுக்குக் கூட்டு மருந்து தொடங்கும் அன்றே நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களில் 47 சதவீதத்தினருக்கு இந்த அழற்சி வந்தது, கொடுத்தவர்களில் 33 சதவீதம். நான் முன்கூட்டியே கொடுக்கவில்லை. தொண்டை நிறையப் பூஞ்சை இருந்த ஆளுக்கு ஸ்டீராய்டு எழுதக் கை வரவில்லை. இன்று இதே ஆள் வந்தால், பூஞ்சை அடங்கிய பிறகு கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 47 சதவீதம் என்பது பாதிப் பேர். பாதிப் பேருக்கு வரக்கூடிய ஒன்றை வாய் திறந்து சொல்லாமல் விட்டது ஸ்டீராய்டு கொடுக்காததைவிடப் பெரிய குறை. இப்போது ‘மருந்து தொடங்கின ஒரு மாதத்துக்குள் கட்டி, காய்ச்சல் வந்தால் நிறுத்தாமல் வரவும்’ என்று சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம்.

இவருடைய நோய் வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் அது ஒரு சிடி4 வரைபடம். அக்கி வந்தபோது எண்ணிக்கை குறையத் தொடங்கியிருக்கும். வாய்ப் பூஞ்சை வந்தபோது நன்றாகவே சரிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிரிப்டோகாக்கஸ், டாக்ஸோபிளாஸ்மா என்று மூளைக்குப் போயிருக்கும். அக்கி வந்த அன்றே சோதனை செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. தினம் ஒரு மாத்திரையோடு அவர் பால் வெட்டப் போயிருப்பார்.

ஆறாம் மாதம்: எடை 58, சிடி4 214, ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) கண்டறிய முடியாத அளவு குறைவு. காசநோய் மருந்து முடிந்தது. ரிஃபாம்பிசினின் விளைவு போக இரண்டு வாரமாகும் என்பதால் சாயங்கால டோலுடெக்ராவிரை அதுவரை தொடர்ந்துவிட்டு நிறுத்தினோம். மனைவிக்கு இரண்டாவது சோதனையிலும் இல்லை. அவர் தனியாக வந்து கேட்டார், பழையபடி இருக்கலாமா என்று. வைரஸ் இப்படி ஆறு மாதம் அடங்கியே இருந்தால் உறவில் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில் ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகளில் துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை என்று சொன்னேன். எண்ணைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “அவ்வளவும் எழுதி வெச்சானுவளா?”

சிடி4 500ஐத் தொடுமா என்பது சந்தேகம். இவ்வளவு தாழ்ந்து போனவர்களுக்கு நிணநீர் முடிச்சுகளில் தழும்பு விழுந்திருக்கும். 44 வயதில், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியும் புதுச் செல்களை அதிகம் தராது. ஒன்பதாம் மாதம் 268. அதிகாலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மறுபடி வெட்டுக்குப் போகிறார், இப்போது ரப்பர் செருப்போடு. கழுத்துத் தழும்பு தெரியாமல் துண்டு போட்டுக்கொள்கிறார். கோட்ரிமாக்சசோலை எப்போது நிறுத்தலாம் என்று போன தடவை கேட்டார். 350 தாண்டட்டும், ஆறு மாதம் அங்கேயே நிற்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.